எங்கள் வீட்டைத் தவிர

பசு வாளிக்குள் தலையை விட்டது. அதில் தப்பில்லை, அடியில் கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. தலையை வெளியே எடுக்கும்போதுதான் சிக்கல். வாளியின் கைப்பிடி இரண்டு கொம்புக்கும் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. வாளியைத் தலையில் கவிழ்த்தபடி பசு முற்றத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. காயப்போட்டிருந்த பீன்ஸ் மேல் ஓடியது, நாயின் வாலை மிதித்தது, கழிப்பறைக் கதவில் மோதி ஒருமுறை மணி அடித்தது. உள்ளே யாருமில்லை என்பது தெரிந்ததும் மறுபடி ஓடியது. சைகால் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். "பிடிங்க! பிடிங்க!" என்று கத்தினாள். அவள் கணவன் ஜுமாபெக்கின் வலது கை உயர்ந்தது. பசுவை நோக்கி அல்ல, சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவை நோக்கி.

"தொடாதீங்க," என்றாள் சைகால், ஓட்டத்தை நிறுத்தாமலே.

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"பேனாவத் தொடாதீங்க. பசுவத் தொடுங்க."

ஜுமாபெக் பசுவைப் பிடித்தான். வாளியைக் கழற்றினான். ஆனால் மனசு ஆறவில்லை. கடைசித் தோலுக்கு ஆசைப்பட்டு மொத்த வெளிச்சத்தையும் இழந்த பசு! தன் தலையில் இருப்பது தன் பேராசைதான் என்று தெரியாமல் உலகமே இருட்டிவிட்டதென்று ஓடும் பசு! கர்த்தர் தட்டில் வைத்து, தட்டைக் கழுவிக் கூடக் கொடுத்திருக்கிறார். என்ன பிரயோஜனம்? பசுவும் ஒப்பந்தத்தில் இருந்தது.

ஒப்பந்தம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. மகள் பெர்மெத்தின் கையெழுத்து. பதினைந்து வயதுக்கு மிகவும் தெளிவான கையெழுத்து. "ஜுமாபெக் ஆகிய நான், என் மகள் பெர்மெத், என் மனைவி சைகால், என் மகன் எல்தார், பசு, நாய், அடுப்பு, ஒழுகும் கூரை ஆகிய எதைப் பற்றியும் பிரசங்கத்தில் சொல்ல மாட்டேன். பேரை மாற்றியும் சொல்ல மாட்டேன். 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில்' என்றும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டுமென்றால் சம்பந்தப்பட்டவரிடம் கேட்பேன். பசுவுக்காக அம்மாவிடம் கேட்பேன்." கீழே ஜுமாபெக்கின் கையெழுத்து, சாட்சியாக சைகாலின் கையெழுத்து, அதற்கும் கீழே எல்தாரின் கட்டைவிரல் ரேகை, செர்ரிப்பழ ஜாமில்.

வாரத்தில் ஆறு நாள் ஜுமாபெக் கிராமத்திலிருந்து தலாஸ் நகரத்துக்கு வேன் ஓட்டினான். ஏழாம் நாள் தன் வீட்டு வரவேற்பறையில் இருபத்து மூன்று பேருக்குப் பிரசங்கம் செய்தான். முஸ்லிம் வீட்டில், வெள்ளிக்கிழமை பிறந்ததால் வைத்த பெயர் ஜுமாபெக். "வெள்ளிக்கிழமைன்னு பேரு வச்சோம், இவன் போயி ஞாயித்துக்கிழமைல உக்காந்துக்கிட்டான்" என்று நாரினில் குதிரை மேய்க்கும் அவனுடைய அண்ணன் தொக்தோசுன் பதினோரு வருடமாக எல்லாக் கல்யாணத்திலும் சொல்லிவருகிறார். இன்னும் அவருக்குச் சிரிப்பு வருகிறது. தம்பி கிறிஸ்தவனான நாளிலிருந்து அண்ணன் அவன் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரமாட்டார். அந்த ஒரு நாளைக்கு அவருடைய குதிரைகளில் ஏதாவது ஒன்றுக்கு வயிறு சரியிருக்காது.

ஜுமாபெக் படித்த வேதப் பயிற்சி மூன்று மாதம். அதில் ஒரு மாதம் பொன்னுக்கு வீங்கி வந்து படுத்திருந்தான். மூலமொழி தெரியாது, பழைய சரித்திரம் தெரியாது. தெரிந்தது வேன், அதற்கடுத்து வீடு. அதனால் வீட்டிலிருந்தே பிரசங்கித்தான். எண்ணெயில் போட்ட போர்சோக் மாவு உப்பி மேலே வருவது விசுவாசம். புகை கக்கும் அடுப்பு, அறிக்கையிடாத பாவம். காணாமல் போன ஒற்றைக் காலுறைக்காக மற்ற எல்லாக் காலுறைகளையும் விட்டுவிட்டு சைகால் ஒரு காலைப்பொழுது முழுக்கத் தேடியது, தொலைந்த ஆட்டைத் தேடிய மேய்ப்பனின் கதை என்று சொல்ல வேண்டியதில்லை. பதினாலு வருடம் கழித்து சைகால் மறுபடி கர்ப்பமானபோது அந்த வயிறு மட்டும் நான்கு ஞாயிறு ஓடியது. ஐந்தாம் ஞாயிறு சைகால் முன்வரிசையில் உட்கார்ந்து, கையில் சப்பாத்திக் கட்டையை வைத்துக்கொண்டிருந்தாள். தொடர் முடிவுக்கு வந்தது.

ஜுமாபெக் இதையெல்லாம் ஒரு தந்திரமாகச் செய்யவில்லை. கடவுள் தன்னிடம் பேசுவதாயிருந்தால் வேறெங்கே வந்து பேசுவார் என்று அவனுக்கு உண்மையாகவே புரியவில்லை. மலைமேல் ஏற நேரமில்லை. எரியும் முட்செடி எதுவும் தலாஸ் ரோட்டில் கிடையாது. பால் பொங்கும்போது, கூரை ஒழுகும்போது, குழந்தை தன் வாயில் இருந்த பிஸ்கட்டை எடுத்து அவன் வாயில் வைக்கும்போது, யாரோ பக்கத்தில் நின்று தோளைத் தொட்டமாதிரி இருக்கும். உடனே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இருபத்து மூன்று பேரும் ஞாயிறு காலையில் கிடைப்பார்கள்.

கெட்டது எங்கே என்றால், பெர்மெத்தின் முன்முடியில்.

பெர்மெத் நகரத்தில் படித்தாள். மாலையில் அப்பாவின் வேனில்தான் திரும்புவாள், முன்னிருக்கையில். அது எழுதப்படாத சட்டம். கர்ப்பிணிகளுக்குக்கூட இரண்டாம் வரிசைதான். அந்த நாற்பது நிமிடமும் அவள் பேசுவாள்: கணக்கு வாத்தியாருக்கு மீசை ஒருபக்கம் மட்டும் நரைப்பது, சிநேகிதி சிநேகிதியாக இல்லாமல் போனது, மறுபடி ஆனது. ஜுமாபெக்குக்கு நாளில் பிடித்த நேரம் அது. அதற்காகவே சில நாள் மூன்றாவது கியரில் ஓட்டினான். ஆறு வாரம் முன்பு ஒருநாள் அவள் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைக் கொஞ்சமாக விலக்கிக் காட்டினாள். நெற்றியில் முடி ஓர் அங்குலம் உயரத்துக்குத் துடைப்பக்கட்டை போல நின்றது. கொட்டிலில் இருந்த, ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் தானே முன்முடி வெட்டிக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குக்கூடத் தெரியாதுப்பா. உங்களுக்கு மட்டும்தான்" என்றாள். இருவரும் வேன் குலுங்கச் சிரித்தார்கள்.

ஊரில் அந்த ஸ்கார்ஃபுக்கு வேறு அர்த்தம் ஏற்பட்டிருந்தது. பாதிரி மகள் தலையை மூட ஆரம்பித்துவிட்டாள், நல்ல புத்தி வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் சந்தோஷப்பட்டு ஒரு தட்டு இனிப்பு அனுப்பினார்கள். பெர்மெத் மறுக்காமல் சாப்பிட்டாள். சபையார் கவலையோடு ஜெபித்தார்கள். அந்த ஞாயிறு ஜுமாபெக்கின் தலைப்பு, மறைத்துவைத்ததெல்லாம் ஒருநாள் வெளியே வரும் என்பது. உதாரணம் வேண்டியிருந்தது. வாய் தானாகத் திறந்தது. "எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், பேர் வேண்டாம், ஒரு பெண் ஆட்டுக் கத்தரியை எடுத்து..." இருபத்து மூன்று தலைகளும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பின. பெர்மெத் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனாள்.

மறுநாள் மாலை அவள் வேனின் பின்கதவு வழியாக ஏறி, கடைசி வரிசையில், ஒரு பீன்ஸ் மூட்டைக்கும் ஒரு கோழிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். காதில் இயர்போன். அதன் பிறகு தினமும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில் இருந்தாள். ஜுமாபெக் மன்னிப்புக் கேட்டான், இரண்டுதரம். "சரி" என்றாள், இரண்டுதரம். காலியான முன்னிருக்கையில் வேறு யாரையும் உட்கார வைக்க அவனுக்கு மனமில்லை. தன் பச்சை நிறப் பிரசங்க நோட்டை அங்கே வைத்தான். நோட்டு எதுவும் பேசவில்லை.

சைகால்தான் நடுவில் நின்று ஒப்பந்தத்தை எழுதவைத்தாள். "அவ கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல," என்றாள். "அவ சொல்றது அவ சொன்ன இடத்துலயே இருக்கணும். அவ்வளவுதான்."

வீடு இல்லாத பிரசங்கம் எப்படியிருக்கும் என்று சபை இரண்டே வாரத்தில் தெரிந்துகொண்டது. முதல் வாரம், பலிகளின் வகைகள். நான்கு பேர் தூங்கினார்கள். இரண்டாம் வாரம், அப்போஸ்தலரின் கப்பல் பயணம், வரைபடத்துடன். கடலையே பார்த்திராத சபை. ஏழு பேர். பீன்ஸ் பொறுக்கும் பூருல் அக்கா வாசலில் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், வீட்ல எல்லாரும் சௌக்கியமா? ஒரு தகவலும் இல்லையே."

"எல்லாரும் நல்லா இருக்காங்கக்கா."

"கூரை?"

"நல்லா இருக்கு."

"ஒழுகுதான்னு கேட்டேன்."

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லக்கா," என்றான் ஜுமாபெக். பூருல் அக்கா கூரைக்காக ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியிருக்கும்போதுதான் எல்தாரின் கயிறு வெட்டுச் சடங்கு வந்தது. பதின்மூன்று மாதக் குழந்தை எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்துவிட்டான். கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றால் குழந்தையின் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, மற்றவர்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்து, ஜெயித்தவர் கையால் வெட்டிவிட வேண்டும். வெட்டியவரின் ஓட்டம் குழந்தையின் காலுக்கு வரும். வருகிற ஞாயிறு மதியம் இரண்டு மணி என்று குறித்தார்கள். நாரினிலிருந்து அண்ணன் வருவதாகச் சொன்னார். ஞாயிறு என்று கேட்டதும் ஒரு குதிரையின் வயிற்றைப் பற்றி ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "ரெண்டு மணிதானே? ரெண்டு மணிக்கு உங்க கடை மூடியிருக்கும்ல?" என்று கேட்டார். மூடியிருக்கும் என்றான் தம்பி.

வியாழக்கிழமை மதியம் ஜுமாபெக் சாப்பிட வீட்டுக்கு வந்தான். பெர்மெத்துக்கு அன்று பள்ளி விடுமுறை. முற்றத்தில் வெயில். பெர்மெத் பீன்ஸ் பரப்பிய தார்ப்பாயின் ஓரத்தில் எல்தாரை நிறுத்தி, தன் ஸ்கார்ஃபின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தாள். அவன் ஸ்கார்ஃபை இறுக்கிப் பிடித்தபடி தள்ளாடித் தள்ளாடி வந்தான். அவளுக்குத் தும்மல் வந்தது. தும்மியபோது கை விட்டுப்போனது. ஸ்கார்ஃபின் முனை தரையில் விழுந்தது. எல்தார் நிற்கவில்லை. தன் முனையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அக்கா அந்தப் பக்கம் பிடித்திருக்கிறாள் என்ற முழு நம்பிக்கையில், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து அடி நடந்தான். ஆறாவது அடியில் பெர்மெத்தின் முழங்கால் வந்துவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு சிரித்தான்.

ஜுமாபெக் வெளி வாசலருகே அப்படியே நின்றுவிட்டான்.  பதினோரு வருடமாகச் சொல்லத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்த ஒன்று, வெயிலில், ஐந்து அடியில், முடிந்துபோயிருந்தது.

பெர்மெத் நிமிர்ந்து பார்த்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சிரிப்புதான். 'பாத்தீங்களா!' என்று சொல்லக்கூட வாய் திறந்தாள். அப்புறம் அவனை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இல்ல," என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையேம்மா."

"உங்க முகம் பிரசங்கம் பண்ணுது."

அவன் முகத்தைச் சரிசெய்ய முயன்றான். அது வேன் ஓட்டுகிற முகம். அதிகம் மாற்ற வராது.

"அது என் ஸ்கார்ஃப்பா," என்றாள் பெர்மெத். குரல் சண்டைக்கு வரவில்லை, அதுதான் அவனை உறுத்தியது. "அத எடுத்தீங்கன்னா அப்புறம் முடிக்கதை வரும். எல்லாரும் மறுபடி திரும்பிப் பாப்பாங்க." குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜுமாபெக் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

சனிக்கிழமை நகர வேன் நிலையத்தில், ஆள் சேர்வதற்காகக் காத்திருந்தபோது அவனுக்கு நாசரேத்தில் கர்த்தர் வளர்ந்த வீடு நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் அந்த வீட்டில் ஒரு பையன் வளர்ந்திருக்கிறான். எத்தனை தடவை பால் பொங்கியிருக்கும், எத்தனை தடவை விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டிருப்பான், அம்மாவிடம் மட்டும் எத்தனை சொல்லியிருப்பான்! பிரசங்கத்துக்கு அதைவிட நல்ல வீடு உலகத்தில் கிடையாது. அந்த அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மனசுக்குள் வைத்துக்கொண்டாள். முப்பது வருடத்துக்கு, கோயிலில் தொலைந்துபோன ஒரே ஒரு கதைதான் வெளியே வந்திருக்கிறது. அதுவும் ஊரே தேடியதால், மறைக்க வழியில்லாமல். ஜுமாபெக் ஆச்சரியப்பட்டான். இது நல்ல குறிப்பாயிற்றே என்று அவன் கை பேனாவுக்குப் போனது. அந்த வீடு ஒப்பந்தத்தில் இல்லை. பிறகு தன் கையைப் பார்த்தான். பேனாவை வைத்துவிட்டான்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆராதனை. பத்தேகாலுக்குப் பாட்டு முடிந்து ஜுமாபெக் எழுந்தபோது கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியோடு தொக்தோசுன் அண்ணன் நின்றார். பின்னால் அண்ணி, அதற்கும் பின்னால் மூன்று பேரப்பிள்ளைகள். கணவாயில் பனி விழும் என்று பயந்து முந்தின நாளே கிளம்பியிருந்தார்கள். பனி விழவில்லை. நாலு மணி நேரம் முன்னதாக வந்துசேர்ந்துவிட்டார்கள். வெளியே காற்று பிய்த்தெடுத்தது. அண்ணன் ஒருகணம் வாசலில் யோசித்தார், குதிரை எதுவும் கைவசம் இல்லை. உள்ளே வந்து கம்பளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பூருல் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அண்ணன் அவன் பிரசங்கத்தைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார். தயார் செய்து வைத்திருந்ததோ, ஆசரிப்புக் கூடாரத்தின் பலகைகள்.

"தெற்குப் பக்கம் இருபது பலகை," என்று ஆரம்பித்தான். "வடக்குப் பக்கம் இருபது."

"என்ன கூடாரம்?" என்று கேட்டார் அண்ணன். பிரசங்கத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"கடவுளோட கூடாரம்ணே. பாலைவனத்துல அவங்க தூக்கிட்டுப் போனது."

"நாப்பது பலகையோடயா?"

"நாப்பத்தெட்டு. மேற்குல எட்டு இருக்கு."

"தம்பி, நான் வருஷத்துக்கு நாலு தடவ கூடாரம் மாத்தறவன். மடக்குச் சுவரு, கம்பு, கம்பளம், ரெண்டு குதிர போதும். நாப்பத்தெட்டு பலகையத் தூக்கிட்டு எவனும் பாலைவனத்துல போகமாட்டான். யாரு செஞ்சு குடுத்தா அவங்களுக்கு?"

தூங்கத் தயாராக இருந்த நான்கு பேரும் கண்ணைத் திறந்தார்கள். பலகையைத் தூக்கியது வண்டியா ஒட்டகமா என்று ஜுமாபெக்குக்கு நினைவில்லை. பொன்னுக்கு வீங்கி மாதத்தில் நடத்திய பாடமாக இருக்கும். அவன் நோட்டைப் புரட்டினான். அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார். கேலி போய்விட்டது அவர் குரலிலிருந்து.

"பலகைய விடு. ஒண்ணு கேக்கறேன். அப்பா மவுத்தானப்போ நீ வந்து நின்ன, எல்லாரும் உன்ன ஒருமாதிரி பாத்தாங்க, நீ பொறுத்துக்கிட்டே. அப்படி எதப் பாத்துட்டு நீ இந்தப் பக்கம் வந்த? எனக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு தடவ சொல்லு. அப்புறம் நான் கேக்கமாட்டேன்."

 ஜுமாபெக்கின் வாயில், நுனிநாக்கில், வியாழக்கிழமை வெயில் இருந்தது. ஸ்கார்ஃபின் முனை தரையில் கிடந்தது, குழந்தை நடந்துவந்தது. இதற்கு மேல் ஒரு பதில் கிடையாது. அண்ணனுக்கு அது புரியும். எத்தனை குதிரைக்குட்டிகளை நடக்கவைத்தவர்! சமையலறை வாசலில் பெர்மெத் ஜல்லிக்கரண்டியோடு நின்றிருந்தாள். அவள் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவள் கை தானாக மேலே போய், ஸ்கார்ஃபை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டது.

"அண்ணே," என்றான் ஜுமாபெக். "சொல்லணும்னுதான் இருக்கு. ஆனா இன்னைக்கு என்கிட்ட இருக்கறது பலகைக் கணக்குதான்."

மேற்குப் பக்கத்து எட்டுப் பலகைகளையும் சொன்னான். மொத்தம் ஒன்பது நிமிடம். சபையின் சரித்திரத்தில் அவ்வளவு சீக்கிரம் ஆராதனை முடிந்ததில்லை. எல்லோரும் ஆமென் என்றார்கள். அண்ணன் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, ஓமின் என்றார். எழுந்து கால்களை உதறினார்.

"அவ்வளவுதானா? கால் மரக்கக்கூட இல்லையே. இதுக்கா பதினோரு வருஷம் பயந்துக்கிட்டு இருந்தேன்?"

ஜுமாபெக் சிரித்துவைத்தான். வெளியே போய், பசு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பசு அவனை ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு மணிக்குக் காற்று நின்றது. முற்றத்து நடுவில் வெள்ளைக் கம்பளம் விரித்து எல்தாரை நிறுத்தி, அண்ணன் கயிற்றைக் கட்டினார். பாசத்தில், குதிரைக்குக் கட்டுகிற முடிச்சையே போட்டுவிட்டார். மூன்று நாளாக நடந்து பழகியிருந்த எல்தார் ஓரடி எடுத்துப் பார்த்தான், வரவில்லை. காலைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான். தலாஸ் நகரம் வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதான்.

முதலில் சின்னப் பிள்ளைகளின் பந்தயம். அண்ணனின் பேரன் முதலாக வந்தான். ஆனால் வந்த வேகத்தில் நிற்காமல் குழந்தையைத் தாண்டி, கம்பளத்தைத் தாண்டி, பீன்ஸில் போய் விழுந்தான். அது செல்லுமா செல்லாதா என்று பெரிய வாக்குவாதம். சரி, பெண்கள் ஓடட்டும், அதில் ஜெயிப்பவர் வெட்டட்டும் என்று முடிவானது. கொட்டில் சுவரிலிருந்து ஓட வேண்டும். சைகாலின் தங்கைகள், அண்ணி, எழுபது வயதை ஒப்புக்கொள்ளாத பூருல் அக்கா எல்லோரும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"பெர்மெத், வாயேன்டீ!" என்றாள் சைகால்.

"இதெல்லாம் சின்னப்புள்ள வெளையாட்டு. எனக்கு எண்ணெய் காயுது."

அண்ணன் தொப்பியை வீசினார். எல்லோரும் ஓடினார்கள். ஜுமாபெக் குழந்தையின் பின்னால் நின்று கைதட்டினான். பாதி தூரத்தில் அண்ணி முன்னால் வந்துகொண்டிருந்தார். அப்போது சமையலறைக் கதவு சுவரில் அடித்துக்கொண்டது. கையெல்லாம் மாவோடு பெர்மெத் வெளியே வந்தாள். கொட்டில் சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு, எல்லோருக்கும் பின்னால் ஓட ஆரம்பித்தாள். குறுக்கே பாயவில்லை, முறைப்படி ஓடினாள். சித்திகளைத் தாண்டினாள். பூருல் அக்காவைத் தாண்டும்போது அவர், "அடி கழுத!" என்று வாழ்த்தினார். ஸ்கார்ஃப் கழுத்தில் நழுவி, தோளில் பறந்தது. முன்முடி வெயிலில், கொண்டை விரித்த கொண்டலாத்திப் பறவை மாதிரி நேராக நின்றது. இருபத்து மூன்று பேரும், நாரின்காரர்களும், வேலிக்கு அப்பால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டாரும் பார்த்தார்கள். அவள் ஒரு கையைக்கூட மேலே கொண்டுபோகவில்லை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, அண்ணியை அரைக் கை தூரத்தில் முந்தி, கம்பளத்தில் முட்டிபோட்டு வழுக்கி வந்து நின்றாள்.

அண்ணன் இடுப்புக் கத்தியை உருவிக் கொடுத்தார். குதிரை முடிச்சு மூன்று இழுப்புக்குத்தான் அறுந்தது. எல்தார் அழுகையை நிறுத்தினான். வழக்கப்படி இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவனை நடத்த வேண்டும். சைகால் குனிந்தாள்.

"இரும்மா," என்றாள் பெர்மெத். கழுத்திலிருந்த ஸ்கார்ஃபை உருவினாள். ஒரு முனையை எல்தாரின் கையில் கொடுத்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தாள். அவன் வந்தான். கூட்டம் கைதட்டியது. கம்பளத்தின் ஓரம் வந்ததும் அவள் அப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கையை விட்டாள்.

கைதட்டல் நின்றுபோனது. எல்தார் நிற்கவில்லை. முனையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கம்பளத்தைத் தாண்டி, மண்ணில் இறங்கி, ஏழு, எட்டு, ஒன்பது என்று நடந்தான். பின்னால் ஸ்கார்ஃப் புழுதியில் இழுபட்டு வந்தது. போய் தொக்தோசுன் பெரியப்பாவின் பூட்ஸைக் கட்டிக்கொண்டான். அவரைத்தான் சற்று முன்பு அவ்வளவு திட்டி அழுதிருந்தான்.

சபை மொத்தமும் மெல்லத் திரும்பி ஜுமாபெக்கைப் பார்த்தது. மூன்று வாரம் பட்டினி கிடந்த பார்வை. பூருல் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, வசதியாகக் கேட்பதற்காகக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கப்பா," என்றாள் பெர்மெத். "பரவால்ல. சொல்லுங்க."

ஜுமாபெக் வாயைத் திறந்தான். எல்லாம் வரிசையாக இருந்தது, முதல் வார்த்தையிலிருந்து ஆமென் வரைக்கும். மகளைப் பார்த்தான். மாவு ஒட்டிய கன்னம், வியர்வை, நட்டுக்கொண்டு நிற்கும் முடி. அழகாக இருந்தாள். அவன் வாயை மூடினான். மறுபடி திறந்தான்.

"பெஷ்பர்மாக் ஆறுது," என்றான். "எல்லாரும் சாப்பிட வாங்க."

"என்ன பிரதர் இது!" என்றார் பூருல் அக்கா, நிஜமாகவே மனம் நொந்து.

கூட்டம் கலைந்து உள்ளே போனது. அண்ணன் மட்டும் நகரவில்லை. நகர முடியவில்லை, பூட்ஸில் குழந்தை இருந்தான். குனிந்து எல்தாரின் கையிலிருந்த ஸ்கார்ஃபை இலேசாக இழுத்துப் பார்த்தார். அவன் விடவில்லை.

"இவன் அக்கா பிடிச்சிருக்கான்னு நெனச்சிட்டு வந்தானா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே."

அண்ணன் புழுதியில் கிடந்த மறுமுனையைப் பார்த்தார்.  பிறகு அதை எடுத்து, ஊதி, தூசியைத் தட்டி, தன் கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டார். "வாடா," என்றார் குழந்தையிடம். இருவரும் சாப்பாட்டை நோக்கி நடந்தார்கள்.

திங்கட்கிழமை மாலை ஜுமாபெக் வேனைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினான். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முன்கதவு திறந்தது. ஸ்கார்ஃப் இல்லாத தலை. இருக்கையில் பச்சை நோட்டு கிடந்தது. பெர்மெத் அதைப் பார்த்தாள். எடுத்துக் கொடுக்கவில்லை, நகர்த்தி வைக்கவும் இல்லை. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, நன்றாக ஒருமுறை அழுத்தி, சாய்ந்துகொண்டாள்.

"கணக்கு வாத்தியார் இன்னைக்கு என்ன பண்ணாரு தெரியுமா?" என்றாள்.

ஜுமாபெக் மூன்றாவது கியருக்கு வந்தான். அதற்கு மேல் போடவில்லை.